பசிக்கு மாத்திரை, பசிக்குச் சோறு

ரொம்ப நாளா டிராஃப்ட்ல கிடந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், அதுலயும் மருத்துவ வரலாறு. ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

கேள்வி ரொம்ப சிம்பிள். பசியே எடுக்காத ஒருத்தருக்குப் பசியை மருந்தாக் கொடுக்க முடியுமா? கொடுத்தா நல்லதா, கெட்டதா? 1999-ல பசியைக் கிளப்புற ஹார்மோனையே கண்டுபிடிச்சுட்டாங்க. 2001-ல அதை மனுசங்க ரத்தத்துல ஏத்தியும் பார்த்துட்டாங்க. அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர்லருந்து ஆரம்பிக்கறேன். ஏன்னா ஹார்மோனுக்குப் பேர் வைக்கறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்தக் கேள்வி நம்ம பக்கத்துல வந்துடுச்சு.

சானடோரியமும் எடை மெஷினும்

ஈரோட்டுலருந்து கோயமுத்தூர் போற வழியில பெருந்துறை. அங்க இன்னைக்கு அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்கற இடத்துக்கு ஊர்க்காரங்க வாயில பேரு 'சானடோரியம்'. கல்லூரி வர்றதுக்கு முன்னாடி அது காசநோய் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி போய் கல்லூரி வந்தும் பேரு மட்டும் போகலை.

காசநோயைப் பெரியவங்க எலும்புருக்கின்னு சொல்லுவாங்க. பேரே நோயை விவரிச்சுடுது. பசி போகும், சோறு இறங்காது, ஆள் உருகிப் போவாங்க. மருந்து கண்டுபிடிக்காத காலத்துல உலகம் முழுக்க சானடோரியங்கள்ல வைத்தியம்னா ஓய்வு, நல்ல காத்து, பாலு, முட்டை, அப்புறம் எடை மெஷின். எடை ஏறினா பொழைச்சுக்குவாரு, இறங்கினா கஷ்டம். டாக்டர் கையில இருந்த ஒரே அளவுகோல் கிட்டத்தட்ட அதுதான்.

1952-ல அமெரிக்காவுல ஸ்டேட்டன் தீவு 'ஸீ வியூ' ஆஸ்பத்திரியில ஒரு அதிசயம். ஐசோனியசிட், இப்ரோனியசிட்னு ரெண்டு புது மருந்து கொடுத்துப் பார்த்தாங்க. சாகக் கிடந்த நோயாளிங்க எந்திரிச்சு உக்காந்து, இன்னும் சோறு போடுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வார்டுல டான்ஸ் ஆடற போட்டோவெல்லாம் பத்திரிகையில வந்துச்சு. இப்ரோனியசிட் மனச்சோர்வையும் மாத்துதுன்னு பின்னாடி தெரிஞ்சு, அந்த நோய்க்கான ஆரம்பகால மருந்துகள்ல ஒண்ணாவே ஆயிடுச்சு. அதாவது பசி வந்ததுல ஒரு பங்கு கிருமி செத்ததால, ஒரு பங்கு மருந்து மூளையில பண்ணின வேலையால. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்தது நம்ம சென்னை. 1956-ல சேத்துப்பட்டுல காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க. இன்னொரு பாதிக்கு வீட்டுல வச்சே மருந்து. சானடோரியத்துல நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டுல பாதிப் பேருக்கு மூணு வேளைச் சோறே சந்தேகம். 1959-ல முடிவு வந்துச்சு. சானடோரியத்துல இருந்தவங்க எடை நல்லா ஏறியிருந்துச்சு. ஆனா நோய் குணமாறதுல பெரிய வித்தியாசம் இல்லை! கிருமியைக் கொல்ற மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா, வீட்டுல இருந்தவங்களும் குணமாயிட்டாங்க.

உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வச்ச ஆய்வுகள்ல இது முக்கியமானது. இந்தப் பதிவுக்கு அதுலருந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கறேன். பசி ஏறறது ஒண்ணு, எடை ஏறறது ஒண்ணு, உடம்பு தேறறது ஒண்ணு. மூணும் வேற வேற. பசி மருந்தோட மொத்த வரலாறும் இந்த மூணையும் போட்டுக் குழப்பிக்கிட்ட கதைதான்.

எட்டிக்கொட்டை டானிக்

பசிக்கு மருந்துங்கறது நமக்குப் புதுசில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம்னு அம்மிச்சிங்க கைவசம் பெரிய பட்டியலே உண்டு. சித்த மருத்துவத்துல பஞ்ச தீபாக்கினி சூரணம்னு பேருலயே 'அக்கினி' இருக்கற மருந்து இருக்கு. இதெல்லாம் நாக்கையும் குடலையும் கொஞ்சம் உசுப்பி விடற சமாச்சாரம்.

இங்கிலீஷ் டானிக்குகளோட கதை வேற. ஈஸ்டன்ஸ் சிரப்புன்னு ஒரு காலத்துல ரொம்பப் பிரபலம். இரும்பு, குயினைன், கூடவே ஸ்ட்ரிக்னைன். ஸ்ட்ரிக்னைன் எதுலருந்து வருதுன்னா நம்ம எட்டி மரத்தோட கொட்டையிலருந்து. ஆமா, சாட்சாத் அதே எட்டிதான். கசப்பு பட்டா பசி வரும், நரம்பு முறுக்கேறும்ங்கற கணக்குல விஷத்தைத் துளித்துளியாக் கலந்து வித்தாங்க. இந்தியாவுல டானிக்ல ஸ்ட்ரிக்னைன் கலக்கக் கூடாதுன்னு அறிவிப்பு வந்தது எப்பன்னு நினைக்கறீங்க? 1983 ஜூலை! அதே பட்டியல்ல ஸ்ட்ரிக்னைன், யோகிம்பைன், வைட்டமின், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சேர்ந்த ஒரு கலவையும் இருந்துச்சு. எட்டி விஷமும் ஆண் ஹார்மோனும் ஒரே பாட்டில்ல.

இடையில இன்னொரு வரவு. 1962-ல ஆஸ்துமா குழந்தைகளுக்கு சைப்ரோஹெப்டடின்னு ஒரு அலர்ஜி மருந்து கொடுத்தப்ப, எல்லாரும் அதிகமா சாப்பிட்டாங்க, எடையும் ஏறுச்சு. பக்க விளைவே விளம்பரமாயிடுச்சு. 'குழந்தை சாப்பிட மாட்டேங்குதுங்க'ன்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டா இந்த வகை சிரப் இன்னைக்கும் கைக்கு வரும். தூக்கம் வரும், வாய் உலரும். மருந்தை நிறுத்தினா பசி பழைய இடத்துக்கே போயிடறது சகஜம்.

இதே குடும்பத்துல பக்ளிசைன்னு இன்னொரு மருந்து. பசி தூண்டியா இந்தியாவுல அனுமதி வாங்கியிருந்துச்சு. 2012 மே மாசம் நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு தன்னோட 59-வது அறிக்கையில, மருந்து அனுமதி எப்படிக் கொடுக்கறாங்கன்னு கிழிச்சுத் தொங்க விட்டப்ப, உதாரணமா எடுத்துக்காட்டின மருந்துகள்ல இதுவும் ஒண்ணு.

இன்னும் மோசமான கதை உண்டு. டயனபால் கேள்விப்பட்டிருப்பீங்க. 1958-ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்த ஸ்டீராய்டு ஹார்மோன், பளுதூக்கறவங்களோட செல்லப்பிள்ளை. அதைத் தயாரிச்ச சீபா கம்பெனி, சொட்டு மருந்தா ஆக்கி, வளரும் நாடுகள்ல ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளுக்குன்னு வித்துச்சு. ஆண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யற ஒரு பொருளைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தா எலும்பு வளர்ச்சி சீக்கிரமே நின்னுடலாம், பொண்ணுங்களுக்கு ஆண் தன்மை வரலாம், கல்லீரல் கெடலாம். கடும் எதிர்ப்புக்கு அப்புறம் 1980-களோட தொடக்கத்துல நிறுத்தினாங்க. அந்தக் குழந்தைகளுக்குக் குறைவா இருந்தது ஹார்மோன் இல்லைங்க, சோறு.

1982

ரெண்டு தேதியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

1982 ஜூன் 12. வங்கதேசம் மருந்துக் கட்டுப்பாட்டு அவசரச் சட்டம் கொண்டு வருது. தேவையில்லாததும் ஆபத்தானதுமான 1,700-க்கு மேற்பட்ட மருந்துச் சரக்குகளை ஒதுக்கித் தள்ளுச்சு. அதுல பெரிய பங்கு டானிக்கும் வைட்டமின் கலவைகளும்தான். வசதியான நாடுகளோட தூதரகங்கள்லருந்தெல்லாம் நெருக்கடி வந்துச்சு. கொள்கை தாக்குப் பிடிச்சுது.

1982 ஜூலை 1. தமிழ்நாட்டுல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைக்கறாரு. காமராஜரோட 1956 மதிய உணவுக்கும், 1920-ல நீதிக்கட்சிக் காலத்துல சென்னை மாநகராட்சிப் பள்ளியில போட்ட சோத்துக்கும் அடுத்த படி. கஜானா தாங்காதுன்னு அன்னைக்கு எத்தனை பேர் சொன்னாங்க!

ரெண்டுக்கும் நடுவுல மூணு வாரம் கூட இல்லை. ஒரு நாடு டானிக் பாட்டிலைத் தூக்கிப் போடுது, ஒரு மாநிலம் தட்டுல சோறு போடுது. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு செஞ்சதில்லை. ஆனா ரெண்டு பேரும் ஒரே பிரச்சினைக்குத்தான் பதில் எழுதினாங்க. ஒல்லியா இருக்கற பிள்ளைக்குப் பசி இல்லையா, இல்லை பசி இருந்தும் சோறு இல்லையா? இதுக்குப் பதில் தெரியாம பாட்டிலைத் திறக்கக் கூடாது.

கிரெலின் வந்த கதை

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம்.

1996-ல மெர்க் கம்பெனி ஆளுங்க மூளையில ஒரு ரிசெப்டரைக் கண்டுபிடிச்சாங்க. ஆய்வுக்கூடத்துல செஞ்ச சில செயற்கை மூலக்கூறுகள் அதுல போய் உக்காந்தா வளர்ச்சி ஹார்மோன் சுரக்குது. ஆனா உடம்புல இயற்கையா அதுல போய் உக்கார்ற ஆள் யாருன்னு தெரியலை. நம்ம பாஷையில சொன்னா, போர்ட் ஓப்பனா இருக்கு, கனெக்ட் பண்ற கிளையண்ட் யாருன்னு லாக்ல இல்லை.

எல்லாரும் மூளைக்குள்ள தேடிக்கிட்டு இருந்தாங்க. ஜப்பான்ல ஒசாகா பக்கம் தேசிய இதயநோய் மையத்துல மசாயாசு கொஜிமா, கெஞ்சி கங்காவா குழு 1999-ல எலியோட இரைப்பையில அதைப் பிடிச்சுட்டாங்க. 28 அமினோ அமிலம், மூணாவதுல ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கு. அந்தக் கொழுப்பு வால் இல்லைன்னா ரிசெப்டர் திறக்காது. வளர்ச்சிங்கற அர்த்தம் தர்ற ஒரு பழைய வேர்ச்சொல்லை வச்சு கிரெலின்னு பேர் வச்சாங்க.

அப்புறம்தான் முழு விஷயம் தெரிஞ்சுது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி ரத்தத்துல கிரெலின் ஏறுது, சாப்பிட்டதும் இறங்குது. வயிறு மூளைக்கு அடிக்கற மணி!

2001-ல லண்டன் இம்பீரியல் கல்லூரியில 9 ஆரோக்கியமான பேருக்கு இதை நரம்பு வழியா ஏத்தி, அப்புறம் வேணுங்கறதை எடுத்துச் சாப்பிடுங்கன்னு விட்டாங்க. வெறும் உப்புத் தண்ணி ஏத்தின நாளை விட 28 சதவீதம் அதிகக் கலோரி சாப்பிட்டாங்க. 2004-ல பசி செத்துப் போன 7 புற்றுநோயாளிகளுக்கு இதே மாதிரி கொடுத்தப்ப 31 சதவீதம் அதிகம். மனுசனுக்கு ஊசி வழியா பசி கொடுக்க முடியும்னு நிரூபணம் ஆயிடுச்சு.

சரி, பாதுகாப்பு? கொஞ்ச நேரம் ஏத்தினவரைக்கும் பெரிசா ஒண்ணும் ஆகலை. வயித்துல இரைச்சல், முகத்துல சூடு, வியர்வை, ரத்த அழுத்தம் லேசா இறங்கறது, அவ்வளவுதான். ஆனா ரத்தச் சர்க்கரை ஏறுது, இன்சுலின் சுரப்பு குறையுது. சர்க்கரை வியாதி வீட்டுக்கு ஒண்ணு இருக்கற நம்ம ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதோட இது வளர்ச்சி ஹார்மோனையும் கூட்டறதால, புற்றுநோய் இருக்கறவங்களுக்குக் கட்டியும் சேர்ந்து வளருமோங்கற பயமும் ஆரம்பத்துலருந்தே உண்டு. நடந்த ஆய்வுகள்ல அப்படி வளர்ந்ததாத் தெரியலை, ஆனா அதெல்லாம் குறுகிய கால ஆய்வுகள்.

சிக்கல் ரெண்டு. ஒண்ணு, கிரெலின் ரத்தத்துல சில நிமிஷத்துலயே சிதைஞ்சுடும். தினம் மூணு வேளை யாரு டிரிப் ஏத்திக்கிட்டு இருக்கறது? ரெண்டாவது இன்னும் ஆழமானது. நோயால இளைச்சுப் போனவங்களுக்குக் கிரெலின் ஏற்கெனவே அதிகமாத்தான் இருக்கு, குண்டா இருக்கறவங்களுக்குத்தான் குறைவு. அதாவது இளைச்ச உடம்புல மணி ஓயாம அடிச்சுக்கிட்டுதான் இருக்கு, மூளை கதவைத் திறக்கலை. அதுக்கு மேல இன்னொரு மணியைக் கட்டினா? சிலருக்குத் திறக்குது, சிலருக்கு இல்லை. 2008-ல 21 புற்றுநோயாளிகளை வச்சு நடந்த இன்னொரு சோதனையில ஆபத்து ஒண்ணும் இல்லை, ஆனா சாப்பாட்டு அளவும் கூடலை.

மாத்திரையா வந்தப்ப

டிரிப்புக்குப் பதிலா அதே ரிசெப்டரைத் திறக்கற மாத்திரைகள் வந்துச்சு. முக்கியமானது அனமோரெலின். முத்தின நுரையீரல் புற்றுநோய்ல இளைச்சுப் போன 979 பேரை வச்சு ரெண்டு பெரிய சோதனை, 12 வாரம். 2016-ல முடிவு. பசி நல்லாச்சு. கொழுப்பு இல்லாத உடல் எடை, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு ஒரு கிலோ அளவுக்கு ஏற, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இறங்குச்சு. எல்லாம் சரி, கைப்பிடி வலுவை அளந்து பார்த்தா? வித்தியாசமே இல்லை!

திரும்பவும் அதே கதைதான் பாருங்க. எடை மெஷின்ல பாஸ், கையில ஃபெயில். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017-ல அனுமதி மறுத்துடுச்சு. ஜப்பான் 2021-ல சில வகைப் புற்றுநோய்களுக்கு மட்டும் அனுமதிச்சுது, அதுவும் இதய நோய் இருக்கறவங்களுக்குக் கூடாதுன்னு கண்டிப்போட. இன்னொரு மாத்திரை கேப்ரோமோரெலின். மனுசங்களுக்குன்னு ஆரம்பிச்சு, கடைசியில 2016-ல அமெரிக்காவுல நாய்களுக்குப் பசி மருந்தா அனுமதி வாங்குச்சு. வீட்டு நாய்க்குக் கிடைச்ச மருந்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கலை :-)

ஜிம் போற தம்பிங்க இந்தப் பத்தியைக் கவனிங்க. இபுட்டமோரென், சுருக்கமா எம்கே-677னு இணையத்துல விக்கறாங்களே, அதுவும் இதே ரிசெப்டர் மருந்துதான். எந்த நாட்டுலயும் அனுமதி இல்லாதது. 2008-ல வெளிவந்த ரெண்டு வருச ஆய்வுல வயசானவங்களுக்குத் தசை எடை ஏறுச்சு, வலு ஏறலை, சர்க்கரை ஏறுச்சு. இடுப்பெலும்பு முறிஞ்ச முதியவங்க கிட்ட நடந்த சோதனையை இதய செயலிழப்பு அறிகுறி தெரிஞ்சு பாதியிலேயே நிறுத்தினாங்க. 'வெயிட் கெயினர்' பவுடர்ல டெக்சாமெத்தசோன் கலந்து விக்கறது இன்னொரு கொடுமை. வங்கதேசத்துல பாலியல் தொழில்ல தள்ளப்பட்ட சிறுமிகளைக் கொழுகொழுன்னு காட்ட அந்த மாத்திரையைக் கொடுத்தாங்கன்னு 2010 வாக்குல செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம். மூஞ்சி உப்பினா சதை போட்டுடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. அது நீர், கொழுப்பு, கூடவே சர்க்கரை வியாதி. சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

அப்ப நிஜமா பசி செத்தவங்களுக்கு என்னதான் வழி?

இதுக்கு ஒரு நல்ல பதில் புதுச்சேரியிலருந்து வந்துச்சு. ஜிப்மர்ல 124 புற்றுநோயாளிகள், பெரும்பாலும் இரைப்பை, நுரையீரல் புற்றுநோய்க்காரங்க. கீமோவோட சேர்த்து ஒலன்சபின்கற பழைய மனநல மருந்தைத் தினம் 2.5 மில்லிகிராம், 12 வாரம் கொடுத்தாங்க. 2023-ல முடிவு வெளியாச்சு. 5 சதவீதத்துக்கு மேல எடை ஏறினவங்க மருந்து சாப்பிட்டவங்கள்ல 60 சதவீதம், வெத்து மாத்திரைக்காரங்கள்ல 9 சதவீதம். பசி கூடினவங்க 43 சதவீதம், எதிர்ப்பக்கம் 13. முக்கியமா, வாழ்க்கைத் தரமும் கூடுச்சு, கீமோவோட கடுமையான பாதிப்புகளும் குறைஞ்சுது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அதே வருசம் தன்னோட வழிகாட்டுதலை மாத்தி ஒலன்சபினைப் பரிந்துரை செஞ்சுது. இது ஹார்மோன் இல்லை, புது மருந்தும் இல்லை, விலையும் கம்மி. சும்மா ஒல்லியா இருக்கறவங்களுக்கான மருந்தும் இல்லை. நோய்தான் பசியைத் தின்னுடுச்சுன்னு தெரிஞ்ச இடத்துல, டாக்டர் கண்காணிப்புல கொடுக்கறது.

இன்னொரு பதில் ஜார்க்கண்ட்லருந்து. 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச அதே மையம்தான் இன்னைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவங்களும் சேர்ந்து நடத்தின 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-ல வந்துச்சு. 2,800 காசநோயாளிகள், அவங்க வீட்டுல இருந்த 10,345 பேர். மருந்தோட சேர்த்து அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர். முதல் ரெண்டு மாசத்துல 5 சதவீதம் எடை ஏறினவங்களுக்குச் சாவு ஆபத்து 61 சதவீதம் குறைவு. கூடுதல் சாப்பாடு கிடைச்ச குடும்பங்கள்ல மத்தவங்களுக்குக் காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. 1959-ல எடையை நம்பாதீங்கன்னு சொன்ன இடமே இப்ப எடையைப் பாருங்கன்னு சொல்லுதேன்னு தோணும். முரண் இல்லை. கிருமியைக் கொல்ல மருந்து, உயிரைப் பிடிச்சு வைக்கவும் அடுத்தவங்களுக்கு வராம இருக்கவும் சோறு. எடை எதனால ஏறுச்சுங்கறதுதான் கேள்வி.

இதை நம்ம அரசாங்கம் புரிஞ்சுக்கிட்டதுக்கு ஒரு அடையாளம் சொல்லி முடிச்சுக்கறேன். 2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கினாங்க. நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் மூணு விஷயம் பார்ப்பாரு. ஆள் ரொம்ப இளைச்சிருக்காரா, மூச்சும் ஆக்சிஜனும் சரியா இருக்கா, பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா. மூணாவது கேள்விதான் எனக்குப் பிடிச்சது. அதுக்கு மெஷின் வேண்டாம், எட்டிக்கொட்டை டானிக்லருந்து அனமோரெலின் வரைக்கும் எந்த விளம்பரமும் கேக்காத கேள்வியும் அதுதான்.

அடுத்த தடவை யாராவது 'பசி எடுக்க ஒரு நல்ல டானிக் சொல்லுங்க'ன்னு கேட்டா, பேர் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. ஏன் பசிக்கலை? தட்டுல என்ன இருக்கு?

உங்க ஊர்ல என்னென்ன பசி டானிக் ஓடுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு எழுதறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். காரணமே இல்லாம பசி போய் எடை குறைஞ்சா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, டானிக் வாங்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.